வேப்பிலை கட்ட எந்தப் படலை?

எங்கட மாதக் கூடலில் ஒருநாள் படம் ஒன்றைப் பற்றிக் கதைக்க இருந்தோம். கதை எங்கெங்கோ போய், கடைசியில் கொப்புளிப்பானில் வந்து நின்றது. அன்றைக்கு வந்திருந்த பதினொரு பேரில் நாலு பேர் அப்பா ஒரு வீட்டிலும் அம்மா ஒரு வீட்டிலுமாக வளர்ந்தவர்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேரிடம் கொப்புளிப்பான் கதை இருந்தது. இரண்டையும் அவர்களின் சம்மதத்தோடு, ஊர் பேர் இல்லாமல் இங்கே எழுதுகிறோம்.

முதல் கதை ஒரு தோழியுடையது. ஏழு வயதில் அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். அம்மா, அம்மம்மாவுடன் இருந்தாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அப்பா வீட்டுக்குப் போய் ஞாயிறு பின்னேரம் திரும்புவாள். அப்பா மறுமணம் செய்துகொண்டார். அவளுக்கு ஒன்பது வயதானபோது பள்ளிக்கூடத்தில் கொப்புளிப்பான் பரவி அவளுக்கும் வந்தது. அந்த நேரம் சின்னம்மா நாலு மாதக் கர்ப்பம். அப்பம்மா ரெலிபோன் எடுத்துச் சொன்னா: "பிள்ளை பிறக்கும் வரைக்கும் இவளை இஞ்சால விடாதேங்கோ."

யாருக்கும் அது பிழையாகப் படவில்லை. அம்மாவுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பத்து நாளில் பொருக்கெல்லாம் உதிர்ந்து, தலைக்குத் தண்ணி வார்த்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். அப்பா வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை. குழந்தை பிறந்தது. பிறகு துடக்கு. பிறகு "குழந்தை இன்னும் சின்னன், பள்ளிக்கூடப் பிள்ளையள் காய்ச்சல் கொண்டு வருங்கள்" என்றார்கள். அவள் மறுபடி அந்த வீட்டுக்குப் போக ஒரு வருசமும் மூன்று மாதமும் ஆனது. போனபோது தம்பியைத் தூக்கச் சொன்னார்கள். அவள் கிட்டப் போகவில்லை. "எனக்குள்ள ஏதோ இருக்கு, அது சின்னப் பிள்ளையளைக் கொல்லும் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்று அன்றைக்கு எங்களிடம் சொன்னாள். அவளுக்கு இப்போது 24 வயது.

இரண்டாவது கதை இதற்கு நேர்மாறு. நண்பனின் வீட்டில் கோட்டுக் கட்டளை இருந்தது: ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளைகள் தகப்பனிடம் போக வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை தங்கச்சிக்குக் கொப்புளம் போட்டுவிட்டது. அவனுக்கு மேல் காய்ந்தது, ஆனால் உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேரையும் அனுப்பாவிட்டால் அடுத்த தவணைக்கு லோயர் எழுந்து "பிள்ளைகளைக் காட்டுகிறா இல்லை" என்று சொல்லுவார் என்று அம்மாவுக்குப் பயம். தங்கச்சிக்கு வயிற்றுக்குத்து என்று பொய் சொல்லி மறித்துவிட்டு, அவனுக்குப் பனடோல் கொடுத்து அனுப்பினா. இரண்டு கிழமை கழித்து, எட்டாம் மாதத்தில் இருந்த சின்னம்மாவுக்குக் கொப்புளிப்பான் வந்து, மூச்செடுக்கக் கஷ்டப்பட்டு, பல நாள் வைத்தியசாலையில் கிடந்தா. தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் அதற்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது: "இவன் கொண்டு வந்த வருத்தம்." பனடோல் கொடுத்து அனுப்பியது அவன் இல்லை. அவனுக்கு அப்போது எட்டு வயது.

இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. ஒரு வீட்டில் தகவல் போனது, ஆனால் மறிப்புக்கு முடிவுத் திகதி இல்லை. மற்ற வீட்டில் தகவலே போகவில்லை. இரண்டிலும் பெரியவர்கள் விட்டதைப் பிள்ளைகள் சுமந்தார்கள். பிரிந்த குடும்பங்களில் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கும்போது பிள்ளைகளின் வருத்தத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கு எங்கட சமூகத்தில் ஒரு முறை இல்லை. இருக்க வேண்டும் என்பதுதான் எங்கட கருத்து.

முறை இல்லை என்று சொன்னாலும், ஒரு காலத்தில் ஒன்று இருந்தது. ஊரில் கொப்புளிப்பானை இன்றைக்கும் "அம்மாள் வருத்தம்" என்றுதான் அம்மம்மாமார் சொல்லுவார்கள். அம்மாள் வந்த வீட்டுப் படலையில் வேப்பிலை கட்டுவார்கள். அதைக் கண்டால் பிள்ளைத்தாச்சிப் பெண்கள் உள்ளே போகமாட்டார்கள். வீட்டுக்காரரும் கோயில், கலியாண வீடு என்று வெளிக்கிடமாட்டார்கள். கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்ததும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணி வார்ப்பார்கள். அதோடு மறிப்பு முடிந்தது. அம்மாளை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் இதில் இரண்டு விசயத்தைக் கவனிக்கலாம். ஒன்று, வேப்பிலை ஊருக்கே அறிவித்தல். யாரும் யாரையும் கேட்கவோ ஒளிக்கவோ தேவையில்லை. மற்றது, தண்ணி வார்ப்பு ஒரு முடிவு. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை யாரும் ஒதுக்கினால் அது வேறு கதை என்று எல்லோருக்கும் தெரியும்.

பிரிந்த குடும்பத்துக்கு இரண்டு படலை. அம்மா வீட்டுப் படலையில் கட்டிய வேப்பிலை அப்பா வீட்டில் இருக்கிற பெண்ணுக்குத் தெரியாது. தண்ணி வார்த்ததும் தெரியாது. இடையில் இருப்பது கோபம், லோயர், பதில் வராத வட்ஸ்அப், மற்றும் செய்தி கொண்டு போகிற ஒரு பிள்ளை.

சரி, பயம் நியாயமா? நியாயம்தான். அதைச் சொல்லாமல் பிள்ளைக்காக மட்டும் வாதாடுவது நேர்மையில்லை. கர்ப்ப காலத்தில் வருகிற கொப்புளிப்பான் தாய்க்குச் சுவாசப்பை அழற்சியைத் தரலாம், அது உயிராபத்தாகலாம். முதல் 20 கிழமைக்குள் வந்தால் சிசுவைப் பாதிக்கும் வாய்ப்பு உண்டு. 100 பேரில் ஏறக்குறைய 2 பேர் அல்லது அதற்கும் குறைவு என்கிறார்கள், ஆனால் பாதிப்பு பாரதூரமானது. பிரசவத்துக்கு 5 நாள் முன்னிருந்து 2 நாள் பின் வரைக்குள் தாய்க்குக் கொப்புளம் போட்டால், தாயிடமிருந்து எதிர்ப்புச் சக்தி கிடைக்காமல் பிறக்கிற குழந்தைக்கு அது மிக ஆபத்து. ருபெல்லா இதைவிட மோசம். அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக் 1941இல், கண்புரையோடு பிறந்த பல குழந்தைகளின் தாய்மாருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்ததைக் கண்டு எழுதிய பிறகுதான் உலகம் இதைப் பெரிதாக எடுத்தது.

ஆனால் ருபெல்லாவில் இலங்கை செய்த வேலை சின்னதல்ல. 1996இல் 11 முதல் 44 வயது வரையான பெண்களுக்கு ருபெல்லாத் தடுப்பூசி தொடங்கியது. இப்போது பிள்ளைகளுக்கு 9 மாதத்திலும் 3 வயதிலும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி இலவசமாகப் போடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சின்னமுத்தையும் 2020இல் ருபெல்லாவையும் இலங்கை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. 2023இல் சின்னமுத்து மறுபடி தலைகாட்டியது, ஊசி தவறியவர்களைத் தேடித்தான் அது வந்தது. அதனால் வந்து போகிற பிள்ளையின் கிளினிக் கொப்பியில் இந்த இரண்டு ஊசியும் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பது எந்தப் படலையைப் பூட்டுவதையும்விடப் பிரயோசனம்.

கொப்புளிப்பான் ஊசி அந்த இலவச அட்டவணையில் இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும். அதனால்தான் எங்கட பள்ளிக்கூடங்களில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்களைப் போன்ற வெப்ப நாடுகளில், சின்ன வயதில் அது வராமலே பெரியவர்களாகிறவர்கள் குளிர் நாடுகளைவிடக் கூட. ஒருமுறை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் திரும்ப வராது. ஆகவே கர்ப்பமான பெண் அறிய வேண்டிய முதல் விசயம் தன்னைப் பற்றியது: எனக்குச் சின்னனில் வந்ததா? தெரியாவிட்டால் இரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். கர்ப்பத்துக்குப் பிறகு அந்த ஊசி போடக்கூடாது, முன்னரே போட்டால்தான் உண்டு.

இனிக் கணக்குக்கு வருவம். கொப்புளிப்பான் கொப்புளம் தெரிய ஒன்று இரண்டு நாளுக்கு முன்னரே தொற்றத் தொடங்கும். கொப்புளமெல்லாம் பொருக்குக் கட்டினால் தொற்று முடிந்தது. அனேகமாக ஒரு கிழமை. வருத்தக்காரருடன் பழகின, இதுவரை வராத ஒருவருக்கு அது 10 முதல் 21 நாளுக்குள் வெளிப்படும். அதாவது, வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்து, மற்றப் பிள்ளைக்கும் வருமோ என்று பொறுத்திருக்க வேண்டிய காலம் கடைசியாகப் பழகிய நாளிலிருந்து 21 நாள். அந்தத் தோழியை மறித்தது ஒரு வருசத்துக்கு மேல்.

இதை நாங்கள் வேறு மாதிரியும் கேட்டுப் பார்த்தோம். அதே சின்னம்மாவுக்கு ஏற்கனவே ஐந்து வயதில் தன்ர பிள்ளை ஒன்று இருந்து, அதற்குக் கொப்புளிப்பான் வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? வேறு அறையில் விட்டிருப்பார்கள், அல்லது இரண்டு மூன்று கிழமைக்கு அம்மம்மா வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பிறகு கூட்டி வந்திருப்பார்கள். பிள்ளை பிறக்கும்வரை வராதே என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஒரே வருத்தம், ஒரே ஆபத்து. இரண்டு பிள்ளைக்கும் இடையில் இருக்கிற வித்தியாசத்தை மருத்துவம் என்று சொல்ல ஏலாது.

பயம் பிழையான இடத்தில் நிற்பதும் உண்டு. பிள்ளைக்கு டெங்கு என்று ஆஸ்பத்திரியால் வந்தபிறகும் மாதக்கணக்கில் மறித்த வீடுகள் உண்டு. டெங்கு ஆளிலிருந்து ஆளுக்குத் தொடுவதால் வராது, நுளம்பால் வரும். அப்பா வீட்டுக் கிணற்றடியில் தண்ணி தேங்கிய சிரட்டை அந்தப் பிள்ளையைவிட ஆபத்து. மறுபக்கம், ஒரு வருத்தமும் இல்லாமல் ஓடித் திரிகிற இரண்டு வயதுப் பிள்ளையின் எச்சிலிலும் சிறுநீரிலும் சைட்டோமெகலோ வைரஸ் இருக்கலாம். அது சிசுவைப் பாதிக்கக் கூடியது. அதற்கு மருந்து மறிப்பில்லை. பிள்ளையைக் கழுவின பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது, பிள்ளை கடித்த பிஸ்கட்டைத் தான் சாப்பிடாமல் விடுவது, இவ்வளவுதான். கர்ப்பிணிக்கு வருத்தம் கொண்டு வரக்கூடியவர்களில் பஸ்ஸில் போய் வருகிற கணவனும் ஒருவர். அவரை யாரும் படலையில் நிற்பாட்டுவதில்லை.

அப்படியென்றால் ஏன் உண்மை போய்ச் சேருவதில்லை? நாங்கள் இதில் தனி ஆட்களின் குணத்தை மட்டும் குறை சொல்லத் தயாரில்லை. பொதுச் சட்டத்தின் கீழ் திருமணம் செய்தவர்கள் விவாகரத்துப் பெற 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் தருகிற காரணங்கள் மூன்றே மூன்று. சோரம் போனது, கெட்ட எண்ணத்துடன் கைவிட்டுப் போனது, திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைபாடு. இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, பிரிகிறோம் என்பது காரணமாகாது. ஆக, ஒருவர் மற்றவரில் குற்றம் காட்டித்தான் பிரிய வேண்டும். அப்படிப் பிரிந்தவர்கள் அதே பழக்கத்தைப் பிள்ளை விசயத்துக்கும் கொண்டு வருகிறார்கள். "பிள்ளைக்குக் கொப்புளிப்பான்" என்று அனுப்புகிற செய்தி நாளைக்குக் கோட்டில் "பிள்ளையைச் சரியாகப் பார்க்கிறா இல்லை" என்பதற்குச் சாட்சியாகலாம். "இந்தக் கிழமை அனுப்பாதேங்கோ" என்பது "தகப்பனுக்குப் பிள்ளை வேண்டாம்" என்பதற்குச் சாட்சியாகலாம். அந்தப் பயத்தில் இருக்கிறவர்களிடம் நேர்மையை எதிர்பார்ப்பது கஷ்டம்.

இதற்குள் யாரும் கேட்காத ஆள் சின்னம்மா. எங்கட கதைகளில் அவ எப்பவும் கொடுமைக்காரி. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவ அவதான். ஏதும் நடந்தால் "கவனமாய் இருந்திருக்க வேணும்" என்று பேச்சு வாங்கப் போறவவும் அவதான். வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று அந்தப் பிள்ளையின் தாயிடம் கேட்க அவவுக்கு வழியே இல்லை. அறிய வழியில்லாதவ முழுதாக மறிக்கிறா. முதல் கதையில் படலையைப் பூட்டியதும் ஒரு விதத்தில் இந்த அறியாமைதான்.

தகவல் நேரத்துக்குப் போவதில் இன்னொரு விசயமும் இருக்கிறது. கொப்புளிப்பான் வராத கர்ப்பிணி ஒருவர் வருத்தக்காரருடன் பழகிவிட்டால், 10 நாளுக்குள் கொடுக்கக்கூடிய எதிர்ப்புடல் ஊசி என்று ஒன்று உண்டு. கொப்புளம் போட்டு 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன் தரும் மாத்திரையும் உண்டு. எது தேவை என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டும் நேரத்தோடு கட்டப்பட்டவை. வெள்ளிக்கிழமை ஒளித்த உண்மை இரண்டு கிழமை கழித்து வெளிவந்தால் அந்த ஊசிக்கான நாள் போய்விட்டது. அந்த நண்பனின் வீட்டில் நடந்தது அதுதான்.

எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. ஒருத்தர் கேட்டார்: "ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விசயம். ஏழெட்டு மாதம் பொறுத்தால் என்ன குறைஞ்சு போகும்?" லேசான கேள்வி இல்லை. எங்கட பதில் இது. அவசியமான மறிப்பை நாங்கள் கேள்வி கேட்கவில்லை. கொப்புளம் இருக்கிற பிள்ளையைக் கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்கு அனுப்பவே கூடாது. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஏழு மாதம் என்பது இரண்டு தவணைப் பரீட்சை, ஒரு பிறந்தநாள், ஒரு தீபாவளி அல்லது நத்தார். அதைவிட, புதுப் பிள்ளை வருகிற அதே நேரத்தில் பழைய பிள்ளையை மறித்தால் அது என்ன விளங்கிக்கொள்ளும் என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் விளங்கிக்கொண்டவர்கள்.

ஆகவே செய்யக்கூடியது என்ன? மூன்று விசயம் சொல்லுகிறோம்.

முதலாவது, கோட்டில் பிள்ளையைப் பார்க்கும் நாட்கள் பற்றி எழுதும்போதும், கோட்டுக்குப் போகாமல் உறவுக்காரர் இருந்து பேசி முடிக்கும்போதும், வருத்தம் பற்றி இரண்டு வரி சேர்க்க வேண்டும். எந்த வீட்டில் தொற்று வருத்தம் வந்தாலும் அன்றைக்கே மற்ற வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அதனால் தவறுகிற நாளுக்குப் பதில் நாள் திகதியோடு கொடுக்க வேண்டும். இப்படி எழுதியிருந்தால் சொல்லுகிற தாய்க்குச் சொன்னதால் நட்டம் வராது. பனடோல் கொடுத்து அனுப்ப வேண்டிய அவசியமும் இராது. இளம் லோயர்மார் எங்கட வாசகர்களில் இருக்கிறீர்கள், இது உங்களுக்கு.

இரண்டாவது, குடும்பநல உத்தியோகத்தர்கள். அவர்கள் வீடு வீடாகப் போகிற ஆட்கள், எங்கட ஊர்களில் இவ்வளவு தாய்மாரும் பிள்ளைகளும் தப்பியிருப்பதற்கு அவர்களும் ஒரு காரணம். ஆனால் பதிவேட்டில் குடும்பம் என்றால் ஒரு கூரை. சனி ஞாயிறு வந்து போகிற பிள்ளை அம்மா இருக்கிற பிரிவின் பதிவில் இருக்கும். கர்ப்பமான சின்னம்மா வேறு பிரிவில் இருப்பா. கர்ப்பம் பதியும்போது இரண்டு கேள்வி கூடக் கேட்டால் போதும்: "உங்களுக்குக் கொப்புளிப்பான் வந்திருக்கா? இந்த வீட்டுக்கு வந்து தங்கிப் போற பிள்ளையள் இருக்கினமா?" பிறகு எத்தனை நாள் மறிக்க வேண்டும் என்பதை அப்பம்மா தீர்மானிக்கத் தேவையில்லை. மிஸ்ஸி சொன்ன திகதி என்றால் இரண்டு வீடும் கேட்கும். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மரியாதை இருக்கிற ஆள் ஒருவேளை அவ மட்டும்தான்.

மூன்றாவது, பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். "உனக்கு வந்தது ஒரு வருத்தம், அது இன்ன திகதியோட முடியும், அன்றைக்கு அப்பா வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவார்." இதைச் சொல்ல வேண்டியது அப்பா, ரெலிபோனில் என்றாலும் பரவாயில்லை. சொன்ன திகதியில் வரவும் வேண்டும். மறித்திருக்கிற நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் வீடியோவில் கதைக்கலாம். வைரஸ் அதால் போகாது.

கூடல் முடிந்து வெளிக்கிடும்போது அந்தத் தோழியிடம் கேட்டோம், அப்போது என்ன செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று. சின்னம்மாவில் கோபமா என்றும் கேட்டோம். கோபமில்லை என்றாள். தம்பி இப்போது ஓ.எல். எடுக்கிறான், கணக்குப் பாடம் இவள்தான் சொல்லிக் கொடுக்கிறாளாம். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு திகதி சொல்லியிருந்தாக் காணும். நான் கலண்டரில வட்டம் போட்டிருப்பன்."